ஒரே மட்டை, நூறு வலிமை

தாவர நார்களைப் பற்றிய பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஓர் அட்டவணை திரும்பத் திரும்ப வரும். எந்த நார் எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று சொல்லும் அட்டவணை அது. சணல் 393 முதல் 773 மெகாபாஸ்கல். சிசால் கற்றாழை 511 முதல் 635. லினன் துணி நெய்ய உதவும் ஆளிச்செடியின் நார் 345 முதல் 1,035. தென்னை நாருக்கு நேரே ஒற்றை எண்: 175.

வேறோர் அட்டவணையைப் புரட்டினால் அதே தென்னை நாருக்கு 95 முதல் 230 வரை என்று போட்டிருக்கும். ஆளி நார் 1,500 வரை ஏறியிருக்கும். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். ஒரு நாருக்கு ஒரு வலிமைதான் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதில்தான் கோளாறு.

மெகாபாஸ்கல் என்றதும் மிரள வேண்டாம். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின் மீது ஒரு நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ நூறு கிராம் எடை, செயல்பட்டால் அது ஒரு மெகாபாஸ்கல். 175 மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் பதினெட்டு கிலோ. ஆனால் அவ்வளவு தடித்த தென்னை நார் கிடையாது. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாரின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.03 சதுர மில்லிமீட்டர்தான். அந்தக் கணக்கில் அது அரைக் கிலோவுக்குச் சற்று மேலே தாங்கிவிட்டு அறும்.

ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் முறையும் சிக்கலானதல்ல. தடித்த காகிதத்தின் நடுவே நீள்சதுரமாக ஓர் ஓட்டை வெட்டுவார்கள். நாரை ஓட்டையின் குறுக்கே நீட்டி இரண்டு முனைகளையும் பசையால் ஒட்டுவார்கள். காகிதத்தை இயந்திரத்தின் இரு பிடிகளிலும் மாட்டியபின் பக்கவாட்டுக் காகிதத்தைக் கத்தரித்துவிட்டால் பாரம் முழுவதும் நாரின் மேல் வரும். பிறகு மெல்ல இழுப்பார்கள். அறும்போது இருந்த விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வலிமை. பிடிகளுக்கு நடுவே இழுபடும் நாரின் நீளத்தைப் பிடிநீளம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க அற்பமான இந்த அளவுதான் பின்னால் பெரிய வேலை காட்டப்போகிறது.

ஒரே தேங்காயின் ஒரே மட்டையிலிருந்து உரித்த நார்களையே இப்படி ஒவ்வொன்றாக இழுத்தாலும் விடை ஒன்றுபோல் வராது. ஒரு நார் அறுந்த பாரத்தைப் போல இரண்டு மடங்கை அடுத்த நார் தாங்கும். இந்தச் சிதறலைச் சொல்லப் புள்ளியியலில் ஒரு வழி உண்டு. திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குவது. நூற்பாலைகளில் எல்லோரும் சி.வி. என்று சொல்வது இதைத்தான். நல்ல எஃகுக் கம்பிக்கு இது ஒற்றை இலக்கத்தில் அடங்கும். தாவர நாருக்கு 20, 30 என்பது சாதாரணம். 50 சதவீதத்தைத் தொடுவதும் உண்டு.

காரணத்தைச் செடிக்குள்ளிருந்துதான் தேட வேண்டும். தென்னை நார் கண்ணுக்கு ஒற்றை இழையாகத் தெரிகிறது. உண்மையில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஏராளமான செல்கள், லிக்னினாலும் பெக்டினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டு. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. ஆளியில் இந்தச் சுருள் நாரின் நீளவாக்கிலிருந்து சுமார் 10 பாகைதான் சாய்ந்திருக்கும். எனவே இழுத்த உடனே பாரம் நேராகச் செல்லுலோஸ் மீது இறங்கும். தென்னையில் சாய்வு 45 பாகையை ஒட்டியிருப்பதால் சுருள் முதலில் நிமிர வேண்டும். ஆளி நார் இரண்டு மூன்று சதவீதம் நீண்டதும் பட்டென்று அறுவதும், தென்னை நார் முப்பது சதவீதம்கூட நீண்டு கொடுப்பதும் இதனால்தான். வலிமையில் கடைசி வரிசையில் நிற்கும் தென்னை நார், மிதியடிக்கும் மெத்தைக்கும் முதல் வரிசைக்கு வந்துவிடுவதற்கு இந்த நெகிழ்ச்சியும் ஒரு காரணம்.

சாய்வும் செல்சுவரின் தடிமனும் செல்லுக்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவும் நாருக்கு நார் மாறுகின்றன. காயின் முற்றல், மட்டையில் நார் இருந்த இடம், மழை, மண், ரகம் எல்லாம் இதில் கை வைக்கின்றன. அதன்பின் மனிதர் கை. கேரளக் காயல்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்து எடுக்கும் வெள்ளை நாரும், பொள்ளாச்சி வட்டாரத்து நார் மில்லில் காய்ந்த மட்டையை முள் உருளையில் கொடுத்து எடுக்கும் பழுப்பு நாரும் ஒரே வரலாறு கொண்டவை அல்ல. ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நாரைப் பிரிக்கும்போது நாரில் குறுக்கே மடிப்புத் தழும்புகள் விழுகின்றன. நுண்ணோக்கியில் அவற்றைத் தெளிவாகப் பார்க்கலாம். அறுதல் பல நேரம் அந்தத் தழும்பில்தான் தொடங்கும்.

இங்கேதான் புள்ளியியல் நுழைகிறது. ஒரு நாரின் சராசரித் தன்மை அதன் வலிமையைத் தீர்மானிப்பதில்லை. அதிலுள்ள ஆக மோசமான ஒரு குறைதான் தீர்மானிக்கிறது. சங்கிலியில் நூறு கண்ணிகள் கெட்டியாக இருந்து ஒன்று மட்டும் நைந்திருந்தால் சங்கிலியின் பலம் அந்த ஒன்றின் பலம்தானே. பிரிட்டிஷ் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றிய எஃப். டி. பியர்ஸ் 1926ல் பருத்தி நூலின் வலிமை பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்த நைந்த கண்ணி இடம்பெற்றிருந்தது. நீளமான நூல் ஏன் குட்டையான நூலைவிடச் சீக்கிரம் அறுகிறது என்பதற்கு அவர் கணிதம் எழுதினார். அதே சங்கத்தில் இருந்த எல். எச். சி. டிப்பெட், ஒரு கூட்டத்தில் ஆகப் பெரியதும் ஆகச் சிறியதும் எப்படிப் பரவும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1928ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை புள்ளியியலில் ஒரு தனிக் கிளைக்கே அடித்தளம் ஆனது. வெள்ளத்தின் உச்ச உயரத்தைக் கணிக்க இன்று பயன்படும் கணிதத்தின் ஒரு வேர் பருத்தி நூலில் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இரும்புக் கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு மணல் கொட்டிச் சோதிக்கும் முறையைத் தன் குறிப்பேட்டில் எழுதி, வெவ்வேறு நீளக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

நார் ஆராய்ச்சிக்காரர்கள் இன்று அன்றாடம் உச்சரிக்கும் பெயர் ஸ்வீடனைச் சேர்ந்த பொறியாளர் வலோடி வெய்புல். 1939ல் பொருள்களின் வலிமைக்கு ஒரு புள்ளியியல் கோட்பாட்டை வெளியிட்டார். 1951ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரை மிகப் பிரசித்தம். தன் சூத்திரம் எங்கெல்லாம் பொருந்துகிறது என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: எஃகின் வலிமை, நிலக்கரிச் சாம்பல் துகளின் அளவு, பிரிட்டன் ஆண்களின் உயரம், அவரை இனத்து விதையின் அகலம். இவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் அதில் இருக்கிறது. நார்களின் சிதறலைப் பற்றி உலகம் பேசும் மொழி உருவானபோது நம் நாட்டுப் பஞ்சும் சாட்சியாக நின்றிருக்கிறது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதே இல்லை.

வெய்புல் சூத்திரத்தில் முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று அளவு எண்: நூற்றில் 63 நார்கள் அறுந்து முடியும் இடம். மற்றது வடிவ எண்: சிதறலைச் சொல்வது. வடிவ எண் பெரிதாக இருந்தால் எல்லா நாரும் கிட்டத்தட்ட ஒரே பாரத்தில் அறும். சிறிதாக இருந்தால் ஆளுக்கொரு பாரம். தாவர நார்களுக்கு இது பெரும்பாலும் 2க்கும் 6க்கும் இடையில் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஆய்வுக்கூடத்தின் அளவும் அல்ல, விளங்கிக்கொள்வதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள். அளவு எண் 200 மெகாபாஸ்கல், வடிவ எண் 4. அப்படியானால் சராசரி 181; சி.வி. 28 சதவீதம். நூறு நாரை இழுத்தால் ஆறு நார் 100 மெகாபாஸ்கலைக்கூடத் தொடாமல் அறும். எட்டு ஒன்பது நார் 250ஐத் தாண்டும். அளவு எண்ணை அதே 200ஆக வைத்துக்கொண்டு வடிவ எண்ணை மட்டும் 20ஆக உயர்த்துங்கள். சராசரி 195. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 100க்குக் கீழே அறுவது இப்போது பத்து லட்சத்தில் ஒன்று. சராசரியை மட்டும் அச்சிடும் அட்டவணையில் இந்த இரண்டு பொருள்களும் அடுத்தடுத்து அண்ணன் தம்பியாக நிற்கும். ஒன்றை நம்பி ஆளைத் தொங்கவிடலாம். மற்றதை நம்பிக் கூடையைக்கூடத் தொங்கவிட முடியாது.

இனி பிடிநீளம். நார் நீள நீள மோசமான குறை ஒன்று அதில் அகப்படும் வாய்ப்பும் கூடும். வடிவ எண் 4 என்றால், 10 மில்லிமீட்டர் பிடிநீளத்தில் 200 காட்டிய நார் 160 மில்லிமீட்டரில் 100தான் காட்டும் என்கிறது சூத்திரம். சரிபாதி. வடிவ எண் 20 உள்ள பொருளுக்கு அதே நீள மாற்றத்தில் இறக்கம் 13 சதவீதம் மட்டுமே. ஆகவே தாவர நாரின் வலிமையைச் சொல்லிவிட்டுப் பிடிநீளத்தைச் சொல்லாமல் விடுவது, பாதி விடையைத் தின்றுவிட்டு மீதியை நீட்டுவதற்குச் சமம். அட்டவணைகளில் பெரும்பாலானவை அதைத்தான் செய்கின்றன.

சூத்திரம் சொல்வது அப்படியே நடந்துவிட்டால் வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. சிதறலிலிருந்து கிடைக்கும் வடிவ எண்ணை வைத்து நீளத்தால் வரும் இறக்கத்தைக் கணித்தால், உண்மையில் வலிமை பலமுறை அவ்வளவு இறங்குவதில்லை. ஏனென்றால் சிதறலில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒரே நாரின் நீளத்தில் இங்கும் அங்கும் உள்ள குறைகளால் வருவது ஒன்று. நீளத்தோடு சம்பந்தப்பட்டது இதுதான். ஒரு நார் முழுவதுமே நல்ல நார், இன்னொன்று முழுவதுமே சோனி என்று நாருக்கு நார் இருக்கும் பேதம் மற்றது. சோனி நாரைக் குட்டையாக வெட்டினாலும் அது சோனிதான். இரண்டையும் ஒரே வடிவ எண்ணில் அடைக்கப் பார்க்கும்போது கணக்கு உதைக்கிறது. கண்ணாடி இழைக்கும் கார்பன் இழைக்கும் பயன்பட்ட சூத்திரத்தைச் செடியின் மேல் அப்படியே போர்த்தியவர்கள் கண்டுகொண்டது இது. நீளத்துக்கு இன்னோர் எண்ணைச் சேர்த்த திருத்தங்களும் வந்துவிட்டன.

ஆளி நாரில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் தனிச் செல் பெரும்பாலும் 10 முதல் 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தாவரச் செல்லுக்கு இது கணிசமான நீளம். பிடிநீளம் அதற்குக் குறைவானால் செல்சுவரே அறுந்தாக வேண்டும். பிடிநீளம் அதைத் தாண்டினால் செல் அறுபட வேண்டியதே இல்லை, செல்களுக்கு இடையே உள்ள பெக்டின் ஒட்டு வழுக்கினாலே போதும். அதாவது இரு நீளங்களில் நாம் அளப்பது இரு வேறு பொருள்களின் வலிமையை. தென்னையின் செல் ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் நாம் எந்த நீளத்தில் பிடித்தாலும் ஒட்டுக்கும் சேர்த்தே சோதனை.

இதுவரை சிதறலின் பழியைச் செடியின் மேலேயே போட்டோம். ஒரு பகுதி நம்முடையது. வலிமை என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது. விசையைத் துல்லியமாக அளக்கலாம். பரப்பு? நுண்ணோக்கியில் நாரின் அகலத்தைப் பார்த்து, நார் உருண்டை என்று வைத்துக்கொண்டு, விட்டத்திலிருந்து பரப்பைக் கணக்கிடுவதுதான் வழக்கம். ஆளிச் செல் பலகோணம். சிசால் நாரின் குறுக்குவெட்டு பலமுறை லாடம் போல வளைந்திருக்கும். உள்ளே வெற்றிடம் வேறு. நீளத்தில் ஓரிடம் தடிமன், ஓரிடம் மெலிவு. விட்டத்தை 10 சதவீதம் கூடுதலாக அளந்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதனால் வலிமை குறைந்து தெரியும். ஆக, சி.வி.யில் ஒரு பங்கு நாருடையதே அல்ல, அளவுகோலுடையது.

இதிலிருந்து ஒரு பொறியும் முளைக்கிறது. மெல்லிய நார்தான் வலிமையானது, தடித்த நார் பலவீனமானது என்று காட்டும் வரைபடங்கள் நார்க் கட்டுரைகளில் ஏராளம். தடித்த நாரில் குறைகள் அதிகம் இருக்கலாம், உண்மைதான். ஆனால் விட்டத்தைத் தவறுதலாகக் கூட்டி அளந்த ஒவ்வொரு நாரும் வரைபடத்தில் வலப்பக்கம் நகர்ந்து, கூடவே கீழேயும் இறங்கும். குறைத்து அளந்தது இடப்பக்கம் நகர்ந்து மேலே ஏறும். நாரில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டால்கூட இந்த அளவைப் பிழை ஒன்றே அந்தச் சரிவை வரைந்து கொடுத்துவிடும். அத்தகைய வரைபடத்தைப் பார்த்தால் பரப்பை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

துணித் தொழிலில் இருப்பவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று பரப்பை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது டெக்ஸ். வலிமையை டெக்ஸுக்கு இத்தனை கிராம் என்பார்கள். பருத்தியில் 30 கிராம் என்றால் அது ஏறத்தாழ 450 மெகாபாஸ்கல். எடை பொய் சொல்லாது. உள்ளே வெற்றிடம் இருந்தாலும், வடிவம் கோணலாக இருந்தாலும் பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தராசு காட்டும். பொறியியல் துறைக்காரர்கள் இந்தப் பழக்கத்தை இவர்களிடமிருந்து இன்னும் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

ஈரப்பதமும் கணக்கில் வரும். பருத்தி நனைந்தால் வலிமை கூடும், விஸ்கோஸ் நனைந்தால் பாதியாகக் குறையும். ஆகவே சோதனைக்கு முன் நாரைக் குறிப்பிட்ட காற்றில் வைத்திருக்க வேண்டும். இந்தியத் தர விதி 27 பாகை செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்கிறது. ஐரோப்பாவில் 20 பாகை.

கண்ணுக்கே தெரியாத ஒரு பிழை இன்னொன்று. மட்டையிலிருந்து உரிக்கும்போதே சில நார்கள் அறுந்துவிடும். காகிதத்தில் ஒட்டும்போது சில. பிடிக்குப் பக்கத்தில் அறுந்தவற்றைச் செல்லாது என்று ஒதுக்குவது மரபு. இயந்திரம்வரை வந்து, நடுவில் அறுந்து, அட்டவணையில் ஏறியவை எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பலவீனமான நார்கள் வாக்களிக்கவே வரவில்லை. எனவே அட்டவணைச் சராசரி கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், சிதறலும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

எத்தனை நாரை இழுத்தால் போதும்? பத்து என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. இருபது, முப்பது பரவலான வழக்கம். நம் கணக்கில் சி.வி. 28 சதவீதம். முப்பது நாரின் சராசரி உண்மைச் சராசரியிலிருந்து பத்து சதவீதம்வரை விலகி நிற்பது இயல்பு. அது பரவாயில்லை. வடிவ எண்ணின் நிலைதான் மோசம். உண்மையில் 4 ஆக இருப்பது, முப்பது நாரை மட்டும் இழுத்த ஒருவருக்கு 3 என்றும், அதே மூட்டையிலிருந்து வேறு முப்பதை இழுத்தவருக்கு 5 என்றும் சர்வசாதாரணமாக வரும். பத்து நார் மட்டும் என்றால் விலகல் ஐம்பது சதவீதத்தைத் தொடலாம். காரநீரில் ஊறவைத்ததால் நாரின் வடிவ எண் 3.6லிருந்து 4.1 ஆக உயர்ந்தது என்று ஒருவர் எழுதினால், எத்தனை நார் என்று பாருங்கள். இருபது முப்பது என்றால் அந்த உயர்வு ஊறவைத்ததால் வந்ததா, கைக்குக் கிடைத்த நார்களால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு நம்ப முடியாத பொருளை வைத்து மனிதன் கிணற்றில் நீர் இறைத்தான், பாய்மரம் கட்டினான், தேர் இழுத்தான். எப்படி? கயிறாகத் திரித்தான். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆயிரம் நார்களை இணையாக வைத்து ஒன்றாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் சோனிகள் அறும். அவை சுமந்த பாரம் மிச்சமுள்ளவற்றுக்குப் பங்காகும். ஒரு கட்டத்தில் மிச்சமுள்ளவற்றால் சமாளிக்க முடியாமல் எல்லாம் சேர்ந்து அறும். கம்பளித் தொழில் ஆராய்ச்சியில் இருந்த எச். இ. டேனியல்ஸ் 1945ல் இதற்கான கணிதத்தை முழுமையாக எழுதினார். நம் எண்களை அதில் போட்டால், கட்டு தன் உச்ச பாரத்தைச் சுமக்கும் நொடியிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நார்கள் ஏற்கெனவே அறுந்து கிடக்கும். கட்டின் வலிமை, எல்லா நார்களுக்குமாகப் பங்கிட்டுப் பார்த்தால், 110 மெகாபாஸ்கல். தனி நாரின் சராசரியோ 181. நாற்பது சதவீதம் நட்டம்.

ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தனி நாருக்கு 28 சதவீதமாக இருந்த சி.வி. ஆயிரம் நார்க் கட்டுக்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. நூறு கட்டுகளை இழுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பாரத்தில் அறும். நூற்றில் ஒன்று மட்டும் தவறலாம் என்ற அளவில் எதை நம்பலாம் என்று கேட்டால், தனி நாரில் 63 மெகாபாஸ்கலை நம்பலாம். கட்டில் 105ஐ நம்பலாம். சராசரி 181லிருந்து 110க்கு இறங்கியது, நம்பிக்கை 63லிருந்து 105க்கு ஏறியது. கயிற்றில் தொங்குகிறவனுக்கு எந்த எண் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

நட்டத்திலும் ஒரு பகுதியை முறுக்கு மீட்டுக் கொடுக்கிறது. இணையாகக் கிடக்கும் கட்டில் ஒரு நார் அறுந்தால் அது முழு நீளத்துக்கும் செத்தது. முறுக்கிய கயிற்றில் பக்கத்து நார்கள் அதை நெருக்கிப் பிடித்திருப்பதால், அறுந்த இடத்திலிருந்து சிறிது தூரம் தள்ளி அது உராய்வினால் மறுபடி பாரம் ஏந்தத் தொடங்குகிறது. ஒரு குறையின் கேடு அந்தச் சிறு தூரத்தோடு முடிந்துவிடுகிறது. முன்பு பார்த்த பிடிநீளக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது: நார் குட்டையாக நடந்துகொள்கிறது, குட்டை நார் வலிமையானது. முறுக்கை ஏற்றிக்கொண்டே போனால் நார்கள் சாய்ந்து பாரம் தாங்கும் திறன் குறையும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவைக் கயிறு திரிப்பவர்கள் சூத்திரம் இல்லாமலே கையால் கண்டுவைத்திருந்தார்கள்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. லீ டெஸ்ட் என்பது 120 கெஜம் நூலை எண்பது சுற்றாகச் சுற்றி, மொத்தச் சிட்டத்தையும் ஒரே இழுவையில் அறுப்பது. இரு கொக்கிகளுக்கு இடையே 160 இழைகள். இது கட்டுச் சோதனைதான். எனவே எண் நிலையாக வரும், பலவீனங்களை மறைத்தும் விடும். தறியில் நூல் அப்படி அறுவதில்லை. பாவில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளில் எங்கோ ஒரு நைந்த இடம் அறும், தறி நிற்கும். லீ டெஸ்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய நூல் தறியில் அடிக்கடி அறுகிறது என்று நெசவுக்காரர் புகார் சொன்னால் ஆலைக்காரர், நெசவுக்காரர் இருவருமே உண்மை பேசுகிறார்கள். ஒருவர் கட்டைப் பார்த்தார், மற்றவர் கண்ணியைப் பார்க்கிறார். ஒற்றை நூலை நூற்றுக்கணக்கான முறை அறுத்துச் சராசரியோடு சி.வி.யையும் ஆகக் குறைந்த மதிப்பையும் அச்சிடும் கருவிகளை ஆலைகள் வாங்கியது இந்தப் புகாரைத் தீர்க்கத்தான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இன்று வாழை நார், பனை நார், கற்றாழை நார், தென்னை நார் என்று இழுத்துச் சோதிக்காத துறை குறைவு. கார்க் கதவின் உட்பலகைக்கும் கூரைத் தகட்டுக்கும் கண்ணாடி இழைக்குப் பதிலாக இவற்றைக் கொண்டுவரும் முயற்சி நல்ல முயற்சி. அதில் இறங்கியிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆய்வேட்டில் சராசரியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அறுத்த ஒவ்வொரு நாரின் எண்ணையும் பின்னிணைப்பில் கொடுங்கள். பிடிநீளத்தையும், பரப்பை அளந்த முறையையும், அறையின் ஈரப்பதத்தையும், ஒட்டும்போதே அறுந்து கழிந்த நார்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பிடிநீளங்களில், ஒவ்வொன்றிலும் ஐம்பது நாருக்குக் குறையாமல் இழுங்கள். இயந்திரத்தில் இன்னும் ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்த எண்களை எடுத்து நேரடியாகக் கணக்குப் போடலாம். 175 என்ற ஒற்றை எண்ணை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.